கண்கூசி வளைவு

12 ஜூன் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுவது. நலம். அறை சின்னது, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் பல் துலக்குவது தெரியும், சாப்பாடு பரவாயில்லை. இதுவரை உள்ளதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிடு. இனிமேல் வருவது உனக்கு மட்டும்.

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்று அப்பாவிடம் சொன்னேன் அல்லவா, அது பொய்யில்லை. கம்ப்யூட்டர் இருக்கிறது, கம்பெனி என்று ஒன்றும் இருக்கிறது. ஆனால் நாங்கள் செய்வது வீடியோ கேம். கார் ரேஸ். பெயர் 'தூரம்'. டயர் கடைக்கு மேலே ஒரே அறை, நான்கு பேர்: முதலாளி, படம் வரைகிற ஓவியர், சத்தங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர், அப்புறம் நான். சத்தத்தைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் சத்தக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரோ வாயைத் திறப்பதே இல்லை. கீழே டயருக்குக் காற்றடித்தால் எங்கள் தரை அதிரும்.

நேற்று நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். எங்கள் சாலை உண்மையில் சாலையே இல்லை அக்கா. வெறும் படுக்கைக் கோடுகள். அடியில் அகலம், மேலே போகப் போகக் குறுகல். ஒரு பட்டை வெளிர் நிறம், அடுத்தது அடர்த்தி. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும், அவ்வளவுதான் வித்தை. இரண்டு மாதமாகக் கோடு நெளிந்ததே தவிர சாலையாகவில்லை. நேற்று மதியம் ஏதோ ஒரு எண்ணை மாற்றினேன். சட்டென்று தரை எங்களை நோக்கிப் பாய்ந்து வந்தது. கார் படம் ஓர் அங்குலம்கூட அசையவில்லை, நான் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஓவியர் தூரிகையோடு எழுந்து நின்றுவிட்டார். முதலாளி மெதுவாக, "ஓடுதுடா" என்றார்.

நீ நிஜச் சாலை போடுகிறவள். சிரிப்பாய். சிரித்துக்கொள்.

உன்
வாலு


4 ஜூலை 1993

அன்பு வாலுக்கு,

அம்மாவுக்கு வாசித்தாயிற்று. பல் துலக்குகிறவர் கல்யாணமானவரா என்று கேட்கிறாள். பக்கத்தில் யாராவது பெரிய மனிதர் இருந்தால் நீ ஒழுங்காக இருப்பாய் என்று அவள் எண்ணம்.

சிரிக்கத்தான் செய்தேன். வண்டி நிற்கிறது, சாலை ஓடுகிறது. எங்கள் நெடுஞ்சாலைத் துறையில் இப்படி ஒன்று போட்டால் மறுநாளே சஸ்பெண்ட். ஆனாலும் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

உன் சாலையில் வளைவு உண்டா? உண்டென்றால் ஒன்று சொல்கிறேன். வளைவில் சாலை தட்டையாக இருக்கக் கூடாது. வெளிப்பக்கம் உயர்ந்து உள்பக்கம் தாழ்ந்து, வண்டியைத் தன் மடியில் சாய்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. தெரியாமல் இருந்தால்தான் நாங்கள் வேலையைச் சரியாகச் செய்தோம் என்று அர்த்தம்.

எனக்குப் புது வேலை. மலைக்கு அந்தப் பக்கம் மூன்று ஊர்கள், சாலையே கிடையாது. அங்கே ஒரு நர்சம்மா இருக்கிறார். நோயாளிகளைத் தூளியில் போட்டு, ஆள் வைத்து, கூடவே நடந்து இறங்குகிறார். முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டார். "ரோடு வந்துட்டா இந்த வேலைய விட்டுட்டுப் போயிடுவேன் மேடம். இப்ப விட்டா இவங்களோட யாரு இறங்குவா?" என்றார். அந்த மலையை அளந்து சாலை வரையச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இருபத்தெட்டு வயது. கையில் ஒரு மலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்பா உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் தபால்காரர் வந்தால் வாசலுக்கு முதலில் போவது அவர்தான்.

அன்புடன்
அக்கா


19 நவம்பர் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தப் பார்சலில் இருக்கும் வட்டு 'தூரம்' மூன்றாம் பாகம். இரண்டாம் பாகத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஓட்டலாம் என்பதோடு சரி. இது வேறு. இதில் கோடுகள் இல்லை. உண்மையாகவே நீளம், அகலம், உயரம் உள்ள ஓர் இடம். காரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வந்த வழி அங்கேயே இருக்கிறது! உனக்கு இது சாதாரணமாகப் படும். எங்களுக்கு முதல் முறை திரும்பிப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. அதுவரை நாங்கள் செய்த சாலைகளுக்குப் பின்பக்கமே கிடையாது.

வளைவுகளில் நீ சொன்ன சாய்வு போட்டிருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு எழுதும் நிரலில் அந்த எண்ணுக்கு 'அக்கா' என்று பெயர். புதிதாக வந்த பையன்களெல்லாம் "அக்காவ கொஞ்சம் ஏத்துங்க, வண்டி வெளிய போகுது" என்று பேசிக்கொள்கிறார்கள்.

சத்தக்காரர் ஒரு பழைய லாரியின் என்ஜினுக்குள்ளும் சைலன்சர் பக்கத்திலும் மைக் கட்டி, நாள் முழுக்க ஓடவிட்டுப் பதிவு செய்தார். பிறகு எங்களை உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். மேட்டில் ஏறும்போது அந்த லாரி மூச்சு வாங்கியது அக்கா. ஏதோ உயிருள்ள பெரிய மிருகம் அறைக்குள் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தால் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள்.

ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்.

உன்
வாலு


8 பிப்ரவரி 1998

அன்பு வாலுக்கு,

வட்டு வந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. மேலதிகாரி அதற்குப் பூப்போட்ட துணி போர்த்தி வைத்திருக்கிறார். அந்தத் துணியை விலக்கும் தைரியம் இந்த மாவட்டத்தில் யாருக்கும் இல்லை. ஆகவே ஓட்டவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

மலைச் சாலையை வரைந்து முடித்துவிட்டேன். எங்கே ஏற வேண்டும், எங்கே பாறையை வெட்ட வேண்டும், எங்கே தண்ணீருக்கு வழிவிட வேண்டும் என்பதெல்லாம் என் காலுக்கே மனப்பாடம். தினமும் விடிந்ததும் ஏறுவோம், இருட்டுவதற்குள் அடிவாரம் சேர வேண்டும் என்று மூன்று மணிக்கே இறங்கிவிடுவோம். உச்சியைத் தாண்டி முதல் தடவை மூன்று ஊர்களையும் ஒரே பார்வையில் பார்த்தபோது, பக்கத்தில் அளவுச் சங்கிலி பிடித்திருந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அனுமதி வரவேண்டியதுதான் பாக்கி.

அப்பா நேற்றுக் கேட்டார்: "அவன் இன்னும் விளையாடிட்டுத்தான் இருக்கானா?" உன் வட்டின் அட்டையைக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார். அட்டையில் உன் பெயர் ரொம்பச் சின்ன எழுத்தில் இருப்பதாகச் சொன்னார்.

அன்புடன்
அக்கா


30 ஆகஸ்ட் 2001

வாலு,

சாலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்று ஊர்களுக்காக ஒரு மலையை வெட்ட முடியாதாம். கோப்பை மூடியாயிற்று. நர்சம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். காபி போட்டுக் கொடுத்தார்.

நான்காம் பாகம் வந்த செய்தியைப் பேப்பரில் பார்த்தேன். நகரமாம், வண்ண விளக்குகளாம், மோதினால் காசாம். உனக்கென்ன, நினைத்த இடத்தில் மலையை வைக்கலாம், நினைத்த இடத்தில் சாலை போடலாம், யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம். விழுந்தவன் எழுந்து மறுபடி ஓட்டுவான். எனக்கு இனிமேல் வட்டு அனுப்பாதே. பார்க்கச் சக்தி இல்லை.

அக்கா


17 செப்டம்பர் 2001

அக்கா,

அனுப்பவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு


3 மார்ச் 2012

அன்புள்ள அக்காவுக்கு,

இதை மின்னஞ்சலில் எழுதினாலும் கடிதமாகவே வைத்துக்கொள். அப்பா போனபோது வந்திருந்தேன். நாம் இரண்டு பேரும் பந்தல்காரர் பாக்கி, பாத்திரம், ரயில் டிக்கெட் தவிர வேறு எதையும் பேசவில்லை.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்காம் பாகம் படுத்துவிட்டது. நீ பேப்பரில் படித்தது சரிதான், வெறும் விளக்குகள். கம்பெனியை விற்றுவிட்டார் முதலாளி. ஓவியர் போய்விட்டார். சத்தக்காரரும் நானும் மிச்சம். ஐந்தாம் பாகத்தில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு டயரிலிருந்து தொடங்கினோம். ஒரு டயர் தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுதான் என்று உனக்குத் தெரியும். எனக்கு அது தெரிந்த அன்று வேலையே ஓடவில்லை. இவ்வளவு பெரிய வண்டி, உள்ளே இருக்கும் குடும்பம், எல்லாம் நான்கு உள்ளங்கைமேல் போகிறது. அந்த நான்கு உள்ளங்கைகளை மட்டும் இரண்டு வருடம் செய்தோம். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஆறாம் பாகத்தில் மழை வந்தது.

இப்போது ஏழு. இதில் தனித்தனி ரேஸ் மைதானங்கள் இல்லை. செயற்கைக்கோள் அளந்த நிஜ நிலம். மலைகள் இருக்கிற இடத்தில் இருக்கிறபடி. சூரியன்கூட இதுவரை ஒரு மஞ்சள் வட்டம்தான். இதில் எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்த வேளையில் எங்கே நிற்குமோ அங்கேயே நிற்கும்.

உன் மலையும் அதில் இருக்கிறது அக்கா. சாலைதான் இல்லை.

வரைபடங்களைத் தருவாயா? வேண்டாம் என்றால் இதைப் பற்றி இனி கேட்கமாட்டேன்.

உன்
வாலு


20 மார்ச் 2012

வாலுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

தலைமைப் பொறியாளரிடம் கேட்டேன். "குப்பைக்குப் போறதுதானேம்மா, தாராளமா கொடுங்க" என்றார். சுருள்களை இன்று கூரியரில் அனுப்பியிருக்கிறேன். பீரோ மேலிருந்து இறக்கும்போது தூசியில் நான் தும்மித் தீர்க்க, உன் அத்திம்பேர் மருந்துக் கடைக்கு ஓட வேண்டியதாயிற்று.

ஒழுங்காகப் போடு. சாய்வை உன் இஷ்டத்துக்கு மாற்றாதே.

அக்கா


28 செப்டம்பர் 2015

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழாம் பாகம் வெளிவந்துவிட்டது. அலுவலகச் சுவரில் பெரிய திரை. உலகில் யார் எந்தச் சாலையில் ஓட்டினாலும் அங்கே ஒரு வெளிச்சப் புள்ளி. நேற்றுக் காலை உன் மலை இருட்டாகத்தான் இருந்தது. பிறகு ஒரு புள்ளி அடிவாரத்தில் தயங்கி நின்றது. ஏற ஆரம்பித்தது. நான் காபியைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டேன். மதியத்துக்குள் எறும்புச் சாரை மாதிரி உச்சிவரை புள்ளிகள். யார் யாரோ, எந்தெந்த நாட்டிலோ, நீ காலால் அளந்த ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் உச்சியில் நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் நகரவே இல்லை. மூன்று ஊர்களைப் பார்த்திருப்பார்.

சத்தக்காரர் என் தோளைத் தொட்டு, "உங்க அக்கா ரோடு" என்றார். அந்த மனுஷர் இந்த மாதம் பேசியது அவ்வளவுதான்.

உன்
வாலு


5 அக்டோபர் 2015

அன்பு வாலுக்கு,

உன் கடிதத்தை அத்திம்பேர் இரண்டு முறை சத்தமாக வாசித்தார். இரண்டாவது முறை நான்தான் கேட்டுக்கொண்டேன்.

என்னிடமும் செய்தி இருக்கிறது. மலைச் சாலைக் கோப்பை மறுபடி திறந்திருக்கிறார்கள். அதே வரைபடம், அதே வழி. கோட்டப் பொறியாளர் என்ற முறையில் கையெழுத்துப் போட வேண்டியவளே நான்தான். அடுத்த மாதம் டெண்டர். நேற்று அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அலுவலகம் காலியாகும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அன்புடன்
அக்கா


19 அக்டோபர் 2015

அக்கா,

உடனே படி. கையெழுத்துப் போட்டுவிட்டாயா?

எங்கள் விளையாட்டில் ரேஸ் ஓட்டாத ஒரு கூட்டம் இருக்கிறது. சரக்கு லாரியை எடுத்துக்கொண்டு, வேக வரம்பை மதித்து, சிக்னல் போட்டுத் திரும்புவார்கள். மற்றவர்கள் இவர்களை முந்திக்கொண்டு போய்க் கேலி செய்வார்கள். அவர்களில் 'ஆமை' என்று பெயர் வைத்திருப்பவர் ஒரு பல் டாக்டர். அவர் கம்பெனிக்கு எழுதியிருக்கிறார். உன் சாலையில் உச்சி தாண்டி இறங்கும்போது, பாறையை வெட்டிய இடத்துக்கு அடுத்த இடது வளைவில், மாலையில் எங்கள் ஆட்கள் எல்லோரும் நேராகப் பள்ளத்தில் விழுகிறார்கள், மெதுவாகப் போனாலும் விழுகிறார்கள், ஏன் என்று பாருங்கள் என்று.

நிரலில் ஏதோ பிழை என்று நினைத்தேன். டயர், சாய்வு, தடுப்பு எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். பிழை இல்லை. கடைசியில் நானே மாலை வேளையில் இறங்கிப் பார்த்தேன். பாறையைத் தாண்டியதும் எதிரே இரண்டு சிகரங்கள், நடுவில் ஒரு பிளவு. சூரியன் சரியாக அந்தப் பிளவில் இறங்கி, கண்ணுக்கு நேரே வந்து நிற்கிறது. திரை முழுக்க வெள்ளை. சாலை இடதுபக்கம் திரும்புவதே தெரியவில்லை. நானும் விழுந்தேன்.

வருடத்தில் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு வாரம் போல. அக்டோபரில் ஒருமுறை, பிப்ரவரிக் கடைசியில் ஒருமுறை. ஆட்கள் அதற்கு 'கண்கூசி வளைவு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பல்லாயிரம் லாரிகள் விழுந்திருக்கின்றன. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

எங்கள் சூரியன் தப்பாகவும் இருக்கலாம். அது வெறும் கணக்குத்தான். நீதான் சொல்ல வேண்டும்.

வாலு


26 அக்டோபர் 2015

அன்பு வாலுக்கு,

கையெழுத்துப் போடவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே வரைபடத்தைப் பிரித்தேன். வரைபடத்தில் சூரியன் இல்லை. சனிக்கிழமை மலைக்குப் போனேன். உதவிப் பொறியாளரையும் ஒப்பந்தப் பிரிவு அதிகாரியையும் கூட்டிக்கொண்டு போனேன். அதிகாரி வழியெல்லாம் முணுமுணுத்தார். "மேடம், வீடியோ கேம்ல பாத்தேன்னு ஃபைல்ல எழுத முடியுமா?" என்று கேட்டார். எழுத முடியாது, அதனால்தான் உங்களைக் கூட்டிப்போகிறேன் என்றேன்.

நர்சம்மாவும் கூட வந்தார். தலை நரைத்துவிட்டது, நடை அப்படியே. அந்தப் பாறையைத் தாண்டி நாங்கள் எப்போதோ அடித்த அடையாளக் கல் இன்னும் இருக்கிறது. வளைவு தொடங்க வேண்டிய இடம். அங்கே நின்றோம். மலை எங்கும் வெளிச்சம் இருந்தது, எந்த ஆபத்தும் தெரியவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். உன் சூரியன் தப்பாக இருக்கும் என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது.

அப்புறம் அது வந்தது, வாலு. சாவித்துவாரத்தில் சாவி இறங்குகிற மாதிரி அந்தப் பிளவுக்குள் இறங்கியது. அத்தனை பெரிய மலையில் அந்த ஒரு இடத்துக்கு, எங்கள் நான்கு பேர் முகத்துக்கு நேராக. உதவிப் பொறியாளர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு தன்னையறியாமல் ஓரடி முன்னால் வைத்தார். நர்சம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அந்த ஓரடிக்கு அப்புறம் தரை இல்லை. அவருக்கு அது தெரியவே இல்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் தூங்கி வழியும் ஆட்கள் என் கண்ணுக்குத் தெரிந்தார்கள். பயமாக இருந்தது. ஆனால் பயத்தைவிட வேறு ஒன்றுதான் பெரிதாக இருந்தது. இத்தனை வருடம் இந்த மலையில் நடந்தவள் நான், இந்த நேரத்தில் இங்கே நின்றதே இல்லை. எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து நீ நிறுத்திய சூரியன் எனக்கு முன்பே இங்கே வந்து பார்த்துவிட்டது. முகம் தெரியாத ஒரு பல் டாக்டர் எனக்கு முன்பே இந்த வளைவில் இறங்கியிருக்கிறார்.

டெண்டரை நிறுத்தச் சொல்லிவிட்டேன். வளைவை முன்னாலேயே கொண்டுவந்து, பாறைக்கு இந்தப் பக்கமே திருப்ப வேண்டும். ஒரு வருடம் தள்ளிப் போகும். நர்சம்மாவிடம் அதைச் சொல்லத் தயங்கினேன். அவரே சொன்னார்: "தள்ளிப் போகட்டும் மேடம். கீழ விழுந்தா மறுபடி நான்தான தூக்கணும்?"

ஆமைக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்
அக்கா


10 பிப்ரவரி 2018

அன்புள்ள அக்காவுக்கு,

சாலைத் திறப்பு விழாப் படங்களைப் பார்த்தேன். நீ ஏன் எல்லாப் படத்திலும் ஓரத்தில் நிற்கிறாய்?

எட்டாம் பாகத்துக்கு வேலை நடக்கிறது. உன் புதிய வழியைப் போட்டுவிட்டோம். பழைய வளைவை எடுத்துவிடலாம் என்று அறிவித்ததும் ஆட்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். கண்கூசி வளைவைத் தொடாதே என்று கடிதம்மேல் கடிதம். விழுவதற்காக இல்லை. இப்போதெல்லாம் அந்த இரண்டு வாரமும் சாயங்காலமானால் வண்டிகளை வளைவுக்கு முன்னால் வரிசையாக நிறுத்திவிட்டு, சூரியன் இறங்குவதைப் பார்க்கிறார்கள். ஆமைதான் தொடங்கிவைத்தாராம். அதனால் அதை விட்டுவைத்திருக்கிறோம். இனி அந்த வளைவு எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். ஸ்டியரிங், பெடல் எல்லாம் உண்டு. அனுப்பாதே என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. பிரிக்காமல் வைத்திருந்தாலும் சரி. பிரித்தால், இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை நான் அடிவாரத்தில் காத்திருப்பேன்.

உன்
வாலு


26 பிப்ரவரி 2018

அன்பு வாலுக்கு,

முதலில் செய்திகள். மலைக்குப் பஸ் போகிறது. நர்சம்மா முதல் பஸ்ஸில் டிக்கெட் எடுத்து ஏறி, அடிவாரம்வரை வந்து, இறங்காமலே அதே பஸ்ஸில் திரும்பிப் போனாராம். வேலையை விடவில்லை. கேட்டால், இப்போதுதான் வேலை சுலபமாகியிருக்கிறது, இப்போது போய் யார் விடுவார் என்கிறார்.

நேற்றைப் பற்றி எழுதத்தான் காலையிலிருந்து முயற்சி செய்கிறேன்.

அத்திம்பேர் ஸ்டியரிங்கைச் சாப்பாட்டு மேசையில் திருகிக் கொடுத்தார். கிளம்பியதுமே மைல்கல்லில் இடித்தேன். பத்து வருடமாக நிஜக் கார் ஓட்டுகிறவள், உன் காரை நேராக ஓட்ட முடியவில்லை. ஏறும்போது இரண்டு தடவை பள்ளத்தில் விழுந்தேன். ஒவ்வொரு தடவையும் உன் வண்டி மேலே ஓரமாக நின்றுகொண்டிருந்தது. அத்திம்பேர், "அவன் ஹாரன் அடிக்கலியே, நல்ல பையன்" என்றார்.

போகப் போகக் கை பழகிவிட்டது. எந்தத் திருப்பத்துக்குப் பின்னால் என்ன வரும் என்று என் காலுக்குத் தெரிந்திருந்தது. தண்ணீருக்கு நான் வழிவிட்ட இடத்தில் தண்ணீர் ஓடியது. வளைவில் சாலை என்னைச் சாய்த்துக்கொண்டது, வாலு. நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் பக்கவாட்டில் சாய்ந்தேன். இவ்வளவு நாளும் நீ செய்துகொண்டிருந்தது இதுதானா?

பாறையைத் தாண்டியபோது ஏற்கெனவே இருபது முப்பது லாரிகள் நின்றிருந்தன. எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ஒருவர் பின்னால் எடுத்து எனக்கு இடம்விட்டார். பெயரைப் பார்த்தேன், ஆமை. நன்றி சொல்ல எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை, விளக்கைப் போட்டு அணைத்தேன். அவரும் போட்டு அணைத்தார். பிறகு வரிசையில் எல்லோரும் ஒவ்வொருவராக விளக்கை அணைத்தார்கள்.

நீ பக்கத்தில் வந்து நிறுத்தினாய். சூரியன் பிளவுக்குள் இறங்கியது. மேசைமேல் இருந்த தண்ணீர் ஜாடி, அத்திம்பேரின் கண்ணாடி, சுவர், எல்லாம் வெளிச்சமாயிற்று. அத்திம்பேர் கண்ணை மூடவில்லை. நானும் மூடவில்லை.

அது முழுசாக இறங்கி முடிந்த பிறகும் ஒரு வண்டிகூட நகரவில்லை. நான்தான் முதலில் கிளம்பினேன். வளைவில் இடதுபக்கம் திரும்பி, மெதுவாக, விழாமல் இறங்கினேன். நீ முந்தாமல் பின்னாலேயே வந்தாய்.

அடுத்த ஞாயிறும் வா. சீக்கிரம் வா, மூன்று ஊர்களையும் சுற்றிக் காட்டுகிறேன்.

உன்
அக்கா